கூரை வேய ஆளில்லாத கல்வீடு

பாழடைந்த கல்வீட்டைச் செப்பனிட இறங்குபவர் முதலில் சுவரைத்தான் பார்க்கிறார். எங்கே கல் சரிந்திருக்கிறது, எந்த மூலை விரிந்திருக்கிறது, எத்தனை வண்டிக் கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கணக்கு அங்கிருந்தே தொடங்குகிறது. மரமே வளராத, காற்று ஓயாத கடற்கரைகளில் இந்தக் கணக்கு தப்பாகிவிடும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கை எதிர்கொண்டு கிடக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலும், அவற்றுக்கும் அப்பால் 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும் செயின்ட் கில்டாவிலும் ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் கல்வீடுகளைத் திருத்திக் கட்டும் வேலை நடந்துவருகிறது. திருத்தியவர்களில் பாதிரியார்கள் உண்டு, நிலப்பிரபுக்கள் உண்டு, அரசு உண்டு, இன்றைய பாதுகாப்பு அமைப்புகளும் உண்டு. அவர்கள் செய்தவற்றையும் அவற்றுக்கு நேர்ந்தவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. காற்றடிக்கும் ஊரில் வீட்டின் ஆயுள் கூரையில் இருக்கிறது. கூரையின் ஆயுளோ ஆண்டு தவறாமல் அதன்மேல் ஏறி வேலை செய்யும் ஆட்களிடம் இருக்கிறது. ஒரே தடவையில் கட்டி முடித்துவிடலாம் என்று நம்பிச் செய்த திருத்தங்களே அங்கே அதிகம் அடிபட்டன.

வெளி ஹெப்ரிடீஸில் ஒன்றான லூயிஸ் தீவில் ‘கருப்பு வீடு’ என்று அழைக்கப்படும் பழைய வீட்டின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு சுவர்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டும் சாந்து வைக்காமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டியவை. இடைவெளியில் மண்ணையோ, சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரப் படிவமான பீட்டையோ போட்டு நிரப்பியிருப்பார்கள். மொத்தக் கனம் ஒன்றரை மீட்டர் அளவுக்கும் அதற்கு மேலும் போகும். மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருக்கும். கூரை வெளிச்சுவரைத் தாண்டி நீளாது, அதன் விளிம்புக்குக்கூட வராது. உட்சுவரின் மேலேயே நின்றுவிடும். அதனால் சுவரின் தலை ஓர் ஆள் நடந்துபோகும் அகலத்துக்கு வெளியே திறந்து கிடக்கும். மழைநீரை வெளியே தள்ளும் இறவாரம் இல்லாத இந்த வீட்டைப் பார்க்கும் வெளியூர்க் கொத்தனார் இதைக் கட்டத் தெரியாதவர்களின் வேலை என்றுதான் சொல்வார். உண்மை வேறு. புயற்காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதைவிட அடியிலிருந்து பிடித்துத் தூக்குவதும், மறுபக்கத்தில் உறிஞ்சி இழுப்பதுமே அதிகம். நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரம் காற்றுக்குப் பிடி கொடுத்துவிடும். உட்சுவரின்மேல் உட்கார்ந்திருக்கும் கூரைக்கு அந்தப் பிடி இல்லை. அகன்ற சுவர்த்தலை காற்றை மேலே திருப்பிவிடுகிறது. வளைந்த மூலையில் காற்று மோதாமல் வழுக்கிப் போகிறது. சுவர்த்தலையில் விழும் மழைநீர் நடுவிலிருக்கும் மண்ணை ஈரமாகவும் இறுக்கமாகவும் வைத்திருப்பதால், சந்து சந்தாகத் தெரியும் அந்தக் கல்லடுக்கின் வழியே காற்று உள்ளே நுழைய முடிவதில்லை.

கூரைதான் இந்த வீட்டின் உண்மையான செல்வம். மரமில்லாத தீவில் கைமரத்துக்குக் கடல் ஒதுக்கிய கட்டைகளையே நம்ப வேண்டியிருந்தது. வீட்டை விட்டுப் போகும் குடும்பம் கல்லைப் போட்டுவிட்டு, கூரை மரங்களைச் சுமந்துகொண்டு போனது. மரத்தின்மேல் புல்மண் பாளங்கள், அவற்றின்மேல் வைக்கோல், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, கயிற்றின் நுனிகளில் தொங்கும் கற்கள். ஆணி அடித்து இறுக்காமல், பாரத்தால் அமர்த்திய கூரை அது. நடுத்தரையில் பீட் நெருப்பு அணையாமல் எரியும். புகைப்போக்கி கிடையாது, புகை வைக்கோலில் ஊறி மெல்ல வெளியேறும். அந்தப் புகை பூச்சியை விரட்டியது, கூரையை உலர்த்தியது. லூயிஸ் தீவில் புகைக்கரி ஏறிய வைக்கோலை ஆண்டுதோறும் உரித்தெடுத்து வயலுக்கு உரமாகப் போட்டுவிட்டுப் புதிதாக வேய்ந்தார்கள். கூரை வேய்வது பராமரிப்புச் செலவாக மட்டும் இருக்கவில்லை. அடுத்த போகத்து வாற்கோதுமைக்கும் உருளைக்கிழங்குக்கும் எருத் தயாரிக்கும் வேலையாகவும் இருந்தது. நம் ஊரில் கீற்றுக் கொட்டகைக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓலை மாற்றியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. பழுதாவதற்குக் காத்திருந்து சரிசெய்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. பழுதாவதற்கு முன்பே மாற்றிவிடுவார்கள்.

செயின்ட் கில்டாவில் நடந்தது இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று. அத்தீவுக் கூட்டத்தில் மக்கள் வாழ்ந்த ஹிர்டா, 430 மீட்டர் உயரமுள்ள கோனகேர் மலையைக் கொண்ட சிறு தீவு. மலை உச்சிகளில் மணிக்கு 185 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று வீச்சுகள் அங்கே புதிதல்ல. 1830இல் நீல் மெக்கென்சி என்ற பாதிரியார் அங்கே குடியேறினார். 1834இல் வந்து பார்த்த தாமஸ் ஆக்லண்ட் என்ற பிரபு, பழைய குடிலை இடித்துப் புதுவீடு கட்டும் முதல் ஆளுக்கென்று 20 பொற்காசுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தூண்டுதலில், பாதிரியாரின் மேற்பார்வையில், விரிகுடாவைச் சுற்றிப் பிறை வடிவில் புது ஊர் எழுந்தது. நிலமும் குடும்பவாரியாகப் பிரிக்கப்பட்டது. இந்தத் திருத்தத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஊரின் இடமும் ஒழுங்கும் மாறின, வீட்டின் அடிப்படை மாறவில்லை. புதிய வீடுகளும் இரட்டைச் சுவரும் வேய்ந்த கூரையும் கொண்ட கருப்பு வீடுகளே. வீட்டின் நீளப்பகுதியைக் கடலுக்குக் காட்டாமல் குறுகிய பக்கத்தைக் காட்டி நிறுத்தினார்கள். கட்டியவர்கள் தீவுக்காரர்கள். கூரை வேய்வது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1860 அக்டோபரில் பெரும்புயல் வந்து இந்த வீடுகளைச் சேதப்படுத்தியது. தீவின் உரிமையாளர் ஜான் மெக்பர்சன் மெக்லியோட் நல்ல மனிதர். குடிகளின் மேல் அக்கறை உள்ளவர். தீவுக்கு வெளியிலிருந்து கொத்தனார்களை அனுப்பி, 1860களின் தொடக்கத்தில் 16 புதிய வீடுகளைத் தன் செலவில் கட்டிக்கொடுத்தார். சாந்து வைத்துக் கட்டிய நேரான சுவர், கூரான மூலை, இருபுறமும் முக்கோணமாக உயரும் பக்கச்சுவர், அதில் புகைப்போக்கி, கதவுக்கு இருபுறமும் கண்ணாடிச் சன்னல். பழைய வீடுகள் கடலுக்குக் குறுகிய பக்கத்தைக் காட்ட, புதியவை முழு முகத்தையும் காட்டி நின்றன. கூரைக்குத் துத்தநாகத் தகடு. ஸ்காட்லாந்தின் எந்த ஊர்த் தெருவில் நிறுத்தினாலும் குறை சொல்ல முடியாத வீடுகள். ஆனால் ஹிர்டாவின் காற்று அந்தத் தகடுகளை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு தகட்டுக்குப் பதிலாகத் தார் பூசிய கம்பளித் தாளைப் போட்டு மூட வேண்டிவந்தது. தகடு நின்ற வரையிலும் இன்னொரு தொல்லை உண்டு: மெல்லிய உலோகம் குளிரில் சட்டென்று குளிர்ந்துவிடும்; உள்ளே அடுப்பும் மனிதர் மூச்சும் உண்டாக்கும் ஈரம் அதன் அடிப்பக்கத்தில் நீர்த்துளியாகும். வைக்கோலோ அந்த ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். கைவிடப்பட்ட கருப்பு வீடுகள் மாட்டுக்கொட்டிலாகவும் சாமான் அறையாகவும் புதுவீடுகளின் இடையிலேயே நின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. வைக்கோலும் கயிறும் தீவில் கிடைத்தன. துத்தநாகமும் தார்த்தாளும் கப்பலில் வர வேண்டும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கப்பலே வராத தீவில், தன் கூரையைத் தானே செப்பனிடும் வல்லமையைக் குடியானவன் அந்த ஆண்டுகளில் இழந்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும், எழவும் வேண்டும். ஒரே கூரையின்கீழ் மனிதரும் மாடும், கண்ணைக் கரிக்கும் புகை, குளிர்காலம் முழுவதும் உள்ளேயே குவிந்த சாணம்: இதையா உயர்ந்ததென்று சொல்வது? வீட்டைத் திருத்தியவர்கள் அழகுக்காகவா திருத்தினார்கள், உயிருக்காக அல்லவா? இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. புகை மனிதருக்குக் கேடு. காசநோய் அந்தத் தீவுகளில் உண்மையான அச்சமாக இருந்தது. தங்களுக்குப் புகைப்போக்கியும் சன்னலும் வேண்டுமென்று தீவுப் பெண்களும் ஆண்களும் ஆசைப்பட்டதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எந்தக் கேட்டுக்கு வீட்டின் எந்தப் பகுதி காரணம் என்று பிரித்துப் பார்த்தவர் குறைவு. ஹிர்டாவின் பெரிய துயரம் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே இறந்துபோனது. தொப்புள்கொடி வழியாக வந்த இசிவுநோய் அது; டெட்டனஸ் என்று இன்று நாம் அறிவது. கருப்பு வீட்டின் அழுக்கே காரணம் என்றால், 1860களில் 16 புதுவீடுகளுக்குக் குடிபெயர்ந்ததும் சாவு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. துத்தநாகக் கூரையின்கீழ், கண்ணாடிச் சன்னல் வெளிச்சத்தில், இன்னும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். ஆங்கஸ் ஃபிடஸ் என்ற பாதிரியார் கிருமிநீக்க முறையைக் கற்றுவந்து பிள்ளைப்பேற்றில் கையாளச் செய்த பிறகே, 1890களின் தொடக்கத்தில், அந்தச் சாவு ஓய்ந்தது. மருந்தும் கைச்சுத்தமும் செய்ய வேண்டிய வேலையைச் சுவரும் தகடும் செய்யும் என்று எதிர்பார்த்தது அந்தக் காலத்தின் பெரும்பிழை. மாட்டுக்குத் தனிக்கொட்டில், புகைக்கு ஒரு வழி, நல்ல தண்ணீர், பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஆகியவற்றைக் கருப்பு வீட்டின் சுவரையும் கூரையையும் தொடாமலே கொடுத்திருக்கலாம். காற்றைத் தாங்கிய பகுதியைக் கைவிட்டு, நோயைத் தந்த பகுதியை அப்படியே விட்டார்கள்.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். கருப்பு வீடு கற்காலத்திலிருந்து வந்த மிச்சம். வேறு வழி தெரியாததால் மக்கள் அதில் இருந்தார்கள். அறிவு வந்ததும் விட்டார்கள் என்பது அது. லூயிஸ் தீவின் ஆர்னல் ஊரில் அரசுப் பாதுகாப்பில் இருக்கும் 42ஆம் எண் வீடு இதற்குப் பதில் சொல்கிறது. பார்ப்பவர்கள் ஆயிரம் ஆண்டுப் பழைமை என்று நினைக்கும் அந்த வீடு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1880களை ஒட்டிக் கட்டப்பட்டதாகவே பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அப்படியானால் ஹிர்டாவின் ‘நவீன’ வீடுகளைவிட அது வயதில் இளையது. சாந்தும் தகடும் புகைப்போக்கியும் எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தில் ஒரு குடும்பம் இரட்டைச் சுவரையும் வைக்கோல் கூரையையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. 1966 வரை அதில் ஆட்கள் குடியிருந்தார்கள். தேர்வுக்குப் பின்னால் வறுமையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குத்தகைக்காரனுக்கு நில உரிமை இல்லாத காலத்தில், நாளை வெளியேற்றப்பட்டால் சுமந்துபோக முடியாத எதையும் கட்டுவது மடமை. 1883இல் குடியானவர்களின் நிலைமையை விசாரிக்க அரசு அமைத்த நேப்பியர் ஆணையம் ஊர் ஊராக, ஹிர்டா உட்பட, வந்து சாட்சியம் கேட்டது. 1886இல் வந்த சட்டம் குடியானவனை வெளியேற்றுவதைத் தடுத்து, அவன் செய்த கட்டட மேம்பாட்டுக்கு ஈடும் உறுதி செய்தது. அதற்குப் பிறகுதான் தீவுகளில் ‘வெள்ளை வீடு’ எனப்பட்ட புதுவகை வீடு பரவுகிறது; ஆர்னலிலேயே 42ஆம் எண்ணுக்கு எதிரில் 1920களில் கட்டிய ஒன்று இருக்கிறது. ஆக, வீட்டை மாற்றியதில் நிலச்சட்டத்தின் பங்கு பெரிது. பழைய வீடு காற்றிடம் தோற்று மறைந்தது என்று சொல்ல ஆதாரமில்லை.

1930 ஆகஸ்ட் 29 அன்று ஹிர்டாவில் மிஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே விண்ணப்பித்து, ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறித் தீவை விட்டார்கள். அதன் பிறகு கல்லுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 1860களின் வீடுகளில் கூரை முதலில் போயிற்று, சுவர்கள் நின்றன. இன்று படங்களில் காணும் வரிசை, கூரையற்ற சுவர்களின் வரிசைதான். அதே தீவில் இன்னொரு வகைக் கட்டடமும் இருக்கிறது: கிளெய்ட் எனப்படும் கல் சேமிப்பறைகள். ஹிர்டாவில் மட்டும் 1,200க்கு மேல். சாந்தில்லாத கல்லடுக்குச் சுவர், மேலே பலகைக்கல், அதன்மேல் புல்மண். கடற்பறவை இறைச்சியையும் முட்டையையும் பீட்டையும் உலர்த்திவைக்கக் காற்று சுவரின் சந்துகளில் புகுந்து வெளியேறும்படி வேண்டுமென்றே கட்டியவை. காற்றை எதிர்க்காமல் வேலைக்கு வைத்துக்கொண்ட கட்டடம் இது. அவற்றில் ஏராளமானவை மனிதர் போன பின்னும் நிற்கின்றன. ஆளில்லாமல் நிற்கும் தகுதி அவற்றுக்கு உண்டு, வீடுகளுக்கு இல்லை. மனிதர் குடியிருக்க வேண்டுமானால் சூடு வேண்டும், சூட்டுக்குக் காற்றுப் புகாத கூரை வேண்டும், அந்தக் கூரைக்கு ஆள் வேண்டும்.

1931இல் பியூட் பிரபு குடும்பத்தின் கைக்கு வந்த தீவு, 1957இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. 1958 முதல் கோடைதோறும் தன்னார்வலர் குழுக்கள், தங்கள் செலவுக்குத் தாங்களே பணம் கட்டி, அங்கே போய் வேலை செய்கின்றன. தெருவின் சில வீடுகளுக்குக் கூரை போடப்பட்டிருக்கிறது. ஒன்றில் அருங்காட்சியகம் இருக்கிறது. வடிகால் தூர்வாருவது, சரிந்த கல்லை எடுத்து அதே இடத்தில் வைப்பது, கூரைக்கு மீண்டும் தார் பூசுவது போன்ற வேலைகள் பெருமை தராதவை. ஆனால் அந்த ஊர் நிற்பது அவற்றால்தான். இங்கேதான் சிமெண்டைப் பற்றிய வாதம் வருகிறது. காற்று பலமானது, ஆகவே கட்டடமும் பலமாக இருக்கட்டும், சந்துகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். பழைய கல்சுவரைப் பொறுத்தவரை அது கெடுதல். கிடைமட்டமாக அடிக்கும் மழை எப்படியும் சுவருக்குள் போகும். சாந்தில்லாத சுவரிலும் சுண்ணாம்புச் சாந்துச் சுவரிலும் போன நீர் வெளியே வர வழி இருக்கிறது. சிமெண்ட் அடைத்த சுவரில் நுண்விரிசல் வழியாக நீர் போகும், திரும்பி வராது. சுவர் உள்ளேயே ஊறிக்கிடக்கும், வீட்டுக்குள் ஈரம் ஏறும். கருப்பு வீட்டின் அசையக்கூடிய கல்லடுக்கு சற்றே இறங்கிச் சரிந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். இறுகிப்போன சிமெண்ட் வெடிக்கும். பலம் என்பதை இறுக்கம் என்று புரிந்துகொண்டதால் வந்த வினை இது. துத்தநாகத் தகட்டை ஆணியடித்தபோதும் இதே புரிதல்தான் வேலை செய்தது.

லூயிஸின் மேற்குக் கரையில் உள்ள கேரெனின் ஊர் இன்னொரு பாதையைக் காட்டுகிறது. அங்கே கருப்பு வீடுகளில் குடியிருந்த கடைசி மக்கள் 1974இல் வெளியேறினார்கள். 1989 முதல் உள்ளூர் அறக்கட்டளை ஒன்று அந்த வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரைக் கல்லடுக்காகவே திருத்தி, கூரையை வேய்ந்து, உள்ளே தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்தது. இன்று சில வீடுகள் விருந்தினர் தங்குமிடம். இதைப் பொம்மை ஊர் என்று பழிப்பவர்கள் உண்டு: உழவு இல்லை, மாடு இல்லை, பீட் புகை இல்லை, வார இறுதிக்கு வரும் பயணியின் வாடகை மட்டும் இருக்கிறது என்பார்கள். குறை சரியானதே. உரமாகப் போன வைக்கோல் இன்று வெறும் செலவு. புகை ஊறாத வைக்கோலுக்கு அந்தப் பழைய பாதுகாப்பும் இல்லை. இருந்தாலும் என் தீர்ப்பு கேரெனின் பக்கமே. வாடகை வருகிறது, அந்த வருமானத்தில் கூரைக்குப் பணம் கிடைக்கிறது, வேயத் தெரிந்த கை உள்ளூரில் மிஞ்சுகிறது. வயல் செய்த வேலையை விருந்தினர் அறை செய்கிறது. ஆர்னலில் பார்வையாளர்களுக்காக இன்றும் பீட் நெருப்பு மூட்டுகிறார்கள். அது காட்சிக்கு மட்டும் அல்ல, கூரைக்கும் நன்மை செய்கிறது. ஆளும் நெருப்பும் இல்லாத வீட்டை எந்தப் பொறியாளரும் காப்பாற்ற முடியாது.

ஆகவே ஒதுக்குப்புறமான காற்றுக்கரையில் பழைய கல்வீட்டைத் திருத்த நினைப்பவர்களும், அதற்கு மானியம் ஒதுக்கும் அமைப்புகளும் கணக்கைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரில் கூரை வேயத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்களிடம் கற்க யார் இருக்கிறார்கள், வேயும் பொருள் பக்கத்தில் விளைகிறதா, ஆண்டுச் செலவை எந்த வருமானம் தாங்கும் என்பவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு சுவருக்கு வரலாம். ஐந்தாண்டுத் திட்டம் போட்டு, நாடா வெட்டி, கோப்பை மூடிவிடும் முறை இந்த வீடுகளுக்கு உதவாது. அப்படிச் செலவழிக்கும் பணத்தில் பாதியைக் கட்டுமானத்துக்கும் மறுபாதியை அடுத்த 30 ஆண்டுக் கூரை வேலைக்கும் ஒதுக்குங்கள். அதற்கு மனமில்லையென்றால் கல்லைத் தொடாமல் விட்டுவிடுங்கள், கூரையில்லாத சுவர் தானாகவே இன்னும் பல காலம் நிற்கும்.